சாவிக்கு முன்னால் சீறியது

“எங்கப்பா ஒரு தும்மல் சத்தத்தைக் கேட்டுட்டு என் மாப்பிள்ளையை வாசலோட துரத்திட்டாருக்கா. நீங்க உடனே வரணும்.”

கைபேசியில் ஷம்மா அழவில்லை. அழுதிருந்தால் அஃப்ரா, ‘குடும்பச் சண்டை, நாளைக்குப் பேசிக்கலாம்’ என்று வைத்திருப்பாள். ஷம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற பெண்களின் வழக்கை அஃப்ரா அல் கத்பி இதுவரை தள்ளிப்போட்டதில்லை.

“தும்மினது யாரு?”

“கார்.”

எதிரில் உட்கார்ந்து இரண்டாவது தட்டு பலாலீத்தை, அந்த இனிப்புச் சேமியாவை, ஆம்லெட்டோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்த கானிம் தலை நிமிர்ந்தான். “காருக்கு ஜலதோஷமா? நம்மளைக் கூப்பிடறதுக்குப் பதிலா ஆவி பிடிக்கச் சொல்லுங்கக்கா.”

“எந்திரி. வழியில தின்னுக்கலாம்.”

“வழியில கடை எல்லாம் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை.”

“அப்போ கேஸை சீக்கிரம் முடி.”

அஃப்ரா இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்தவள். நின்றுகொண்டிருந்த ஈச்ச மரம் தானாக வந்து மோதியதாகச் சொன்ன எத்தனையோ கார்களின் கதையை மூச்சு விடாமல் கேட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் கவிழ்த்தவள். இப்போது தைத் என்ற அரபுப் பாலைவன ஊரில் சொந்தமாகத் துப்பறிகிறாள். கானிம் அவளுடைய உதவியாளன். போலீஸ் வேலைத் தேர்வுக்குப் போய், ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டவன்.

*

ஷம்மாவின் அப்பா பகீத்தின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை பட்ரோல் ஜீப் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு, கல்யாணத்துக்காக வெட்டிய தாடியும் கசங்கிய முகமுமாக ஹுமைத் நின்றிருந்தான். மாப்பிள்ளை.

“உள்ள விடமாட்டேங்குறாருக்கா” என்றான்.

“இங்கேயே இரு. பானெட்டைத் தொடாதே” என்று சொல்லிவிட்டு அஃப்ரா உள்ளே போனாள்.

விருந்தினர் கூடமான மஜ்லிஸில் மெத்தைகளைச் சுவரோரம் புதிதாக விரித்திருந்தார்கள். சாயங்காலம் மஃரிபுக்குக் காஜியார் வந்து நிக்காஹ் எழுதுவதாக ஏற்பாடு. மூலையில் ராஜாளி உட்காரும் கம்பம் மட்டும் காலியாக நின்றது. அதற்குப் பக்கத்தில், அதே அளவு காலியான முகத்தோடு பகீத் உட்கார்ந்திருந்தார்.

“வா அஃப்ரா. என் ராஜாளி போயிடுச்சு, நஷ்வா போயிடுச்சு.”

“சொல்லுங்க சித்தப்பா.”

“நேத்து ராத்திரி விருந்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன், நஷ்வாவை மாப்பிள்ளைக்குப் பரிசாத் தர்றேன்னு. இன்னிக்கு விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செஞ்சிட்டிருக்கேன். வெளிய ‘ப்ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம். மறுபடி ‘ப்ஸ்ஸ்ஸ்’. மூணாவது தரமும் ‘ப்ஸ்ஸ்ஸ்’. அப்புறம் ‘கர்ர்ர்’னு வண்டி கிளம்பிப் போயிடுச்சு. ஈரக் கையோட ஓடி வந்து பாக்கறேன், தெருவுல தூசிதான் நிக்குது. இங்க கம்பம் காலி. இந்தத் தெருவுல அப்படித் தும்மற வண்டி ஒண்ணுதான். ஒரு வருஷமா ராத்திரி பகலா என் வீட்டைச் சுத்திச் சுத்தித் தும்முச்சு. அது எனக்காக இல்ல, என் பொண்ணுக்காகங்கிறதும் தெரியும்.”

“இன்னிக்குத் தனக்கே வரப்போற பறவையைக் காலையில எவனாவது திருடுவானா?”

“கூட்டாளிங்களுக்குக் காட்டணும், ஒரு நாள் குடுங்கன்னு போன வாரமே கேட்டான். மாட்டேன்னுட்டேன். எடுத்துட்டுப் போய்க் காட்டியிருப்பான், எங்கேயோ பறக்க விட்டுட்டான். அதை ஒத்துக்கிட்டாக்கூட மன்னிச்சிருப்பேன். எடுக்கவே இல்லைங்கிறான்! பறவை போனாப் போகுது அஃப்ரா. பொய் சொல்றவனுக்கு என் பொண்ணு இல்ல. காஜியாருக்கு வரவேண்டாம்னு சொல்லி அனுப்பப்போறேன்.”

“பறவை கத்தலையா?”

“கத்தல. தெரிஞ்ச கைன்னா கத்தாது. இவன்தான் தினம் வந்து தடவிக் குடுப்பானே.”

“வேற யாரு தடவிக் குடுப்பாங்க?”

“நான். அப்புறம் என் கூட்டாளி ஸல்மீன். பழக்கினதே அவன்தானே. பாவம், நேத்து வயித்து வலின்னு பாதி விருந்துல எழுந்து போயிட்டான்.”

காப்பி வந்தது. கானிம் வாங்கின வேகத்தில் குடித்தான். அஃப்ரா கிண்ணத்தை வாங்கி, உதட்டில் படாமல், அப்படியே தரையில் வைத்தாள்.

பகீத்தின் புருவம் உயர்ந்தது. விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டுக் கொடுக்காத வீட்டுக்காரன் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

“குடிம்மா. கேட்டது உனக்கு உண்டு.”

“மஃரிப் வரைக்கும் காஜியாரைத் தடுக்காதீங்க.”

பகீத் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். “மாட்டிவிட்டுட்டே. சரி. ஆனா ஒண்ணு. பறவை மட்டும் வந்தாப் பத்தாது. நான் கேட்ட சத்தத்துக்கு ஒரு சொந்தக்காரனைக் கொண்டு வந்து நிறுத்து. அது ஹுமைத் இல்லேன்னா, நானே அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

அஃப்ரா காப்பியைக் குடித்தாள்.

“அடடா” என்று கானிம் தன் காலிக் கிண்ணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். “சம்பள உயர்வு கேட்டிருக்கலாம்.”

*

“பானெட்டைத் திற” என்றாள் அஃப்ரா.

ஹுமைத் திறந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ உள்ளாடையைக் காட்டுகிறவன் போல வெட்கப்பட்டான்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாதனம். ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வழி மூடிக்கொள்ளும். திணித்த காற்று போக இடமில்லாமல் முட்டும். அதைத் திறந்துவிடத்தான் ப்ளோ-ஆஃப் வால்வு. சாதுவான வண்டிகளில் அந்தக் காற்று ஒரு குழாய் வழியாகச் சத்தமில்லாமல் திரும்ப உள்ளேயே போய்விடும். இந்த ஊர்ப் பையன்கள் செய்கிற முதல் வேலை, அந்தக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வால்வின் வாயை வெளிப்பக்கம் திருப்புவது. அப்புறம் கால் எடுக்கும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்: ப்ஸ்ஸ்ஸ்.

ஹுமைத்தின் வால்வு வெளிப்பக்கம் பார்க்கவில்லை. அதன் வாயில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் மாட்டி, இரண்டு கிளாம்பு போட்டு இறுக்கியிருந்தது.

“வாயைக் கட்டிட்டியா?” என்றான் கானிம். “மாப்ளே, இது துரோகம்.”

“புதன்கிழமை மாத்தினேன். ஷம்மா சொல்லிட்டா, இந்தத் தும்மல் நிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்னு. பசங்ககிட்ட வால்வு ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் சொல்லிடாதீங்க.”

பின்னால் வந்து நின்ற பகீத் உறுமினார். “இன்னிக்குக் காலையில மாத்தியிருப்பான்! பறவையை எடுத்துட்டுப் போயி, பயந்து, குழாயை மாட்டிட்டு வந்து நிக்கறான்.”

அஃப்ரா பானெட்டுக்குள் குனிந்தாள். விரலால் ரப்பர் குழாயின் மேல் ஒரு கோடு இழுத்தாள். விரல் நுனி பழுப்பாக மாறியது. கிளாம்பின் திருகுத் தலையைக் காட்டினாள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற பள்ளத்தில் மாவு சலித்துக் கொட்டினாற்போல மெல்லிய தூசி, கலையாமல் படிந்து கிடந்தது.

“நேத்து மத்தியானம் அடிச்ச புழுதிக்காத்து, சித்தப்பா. இன்னிக்கு யாராவது இதுல ஸ்க்ரூடிரைவர் வெச்சிருந்தா இந்தப் பள்ளம் சுத்தமா இருக்கும். இன்னிக்கு விடியும்போது இந்த வண்டிக்கு வாய் இல்ல.”

பகீத் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் பாதி மனசு மாறியிருந்தது. மீதிப் பாதி மானம் பார்த்தது.

“அப்போ நான் கேட்டது என்ன, ஜின்னு பூதமா?”

“இல்ல. ஆனா அதுவும் ஹுமைத் மாதிரி பானெட்டைத் திறக்க வெட்கப்படற ஜாதிதான்” என்றாள் அஃப்ரா.

*

“அக்கா, எனக்குப் புரியல” என்றான் கானிம், அவளுடைய பழைய லேண்ட் குரூஸரில் ஏறிக்கொண்டே. “இந்த ஊர்ல டர்போ போட்ட வண்டி பத்து வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். எல்லார் பானெட்டையும் திறந்து பாக்கறதுக்குள்ள ஷம்மாவுக்குப் பேரன் பொறந்துடுவான்.”

“சித்தப்பா சொன்னதைத் திருப்பிச் சொல்லு.”

“ப்ஸ்ஸ், ப்ஸ்ஸ், ப்ஸ்ஸ், கர்ர்.”

“எது முதல்ல?”

“ப்ஸ்ஸ்.” கானிம் நிறுத்தினான். வாயைத் திறந்தபடியே யோசித்தான். “கர்ர்தான் ஸ்டார்ட் பண்ற சத்தம். அப்படின்னா... எஞ்சின் ஓடறதுக்கு முன்னாடியே சீறியிருக்கு!”

“எஞ்சின் ஓடாம டர்போ சுத்தாது. டர்போ சுத்தாம காத்து சேராது. காத்து சேராம வால்வு எதைத் துப்பும்?”

“அக்கா, அப்போ நிஜமாவே ஜின்னுதான்.”

“கேரேஜுக்குப் போ.”

அபூ நிஸாரின் கேரேஜில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அலெப்போக்காரர். ஊரிலுள்ள பாதி டர்போவை மாட்டினவர் அவர்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்த அஃப்ரா ஸலாம் முடிந்த கையோடு கேட்டாள்.

“டர்போ இல்லாத வண்டியைத் தும்ம வைக்கணும். என்ன செலவாகும்?”

அபூ நிஸார் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார். “உனக்கா?”

“இவனுக்கு.”

“எனக்கா?” என்ற கானிம், அஃப்ராவின் கண்ணைப் பார்த்ததும், “எனக்குத்தான். கல்யாணம் ஆகல, வேற வழி தெரியல” என்றான்.

அபூ நிஸார் அவனை ஒரு சின்ன சிவப்புக் காருக்குள் உட்காரவைத்தார். சாவியைப் பாதி மட்டும் திருகினார். எஞ்சின் ஓடவில்லை. எங்கோ ஒரு குட்டி மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகி நின்றது. “இப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சுக் காலை எடு.”

ப்ஸ்ஸ்ஸ்!

கானிமின் முகம் பெருநாள் பலகாரத்தைப் பார்த்த குழந்தை மாதிரி மலர்ந்தது. மறுபடி மிதித்தான். ப்ஸ்ஸ்ஸ். மறுபடி. ப்ஸ்ஸ்ஸ்.

“ஒரு சின்ன கம்ப்ரெஸர், ஒரு காத்து டப்பா, பெடலுக்கு அடியில ஒரு ஸ்விட்ச். அவ்வளவுதான்” என்றார் அபூ நிஸார். “ஸ்விட்சை அணைச்சு வெச்சா அமைதி. போட்டு வெச்சா வீரம்.”

“யார் யாருக்கு மாட்டிக் குடுத்தீங்க?”

அபூ நிஸார் கையைத் துடைத்துக்கொண்டார். “மகளே, டாக்டர்கிட்ட போய் யாருக்கு என்ன வியாதின்னு கேப்பியா? எந்த வண்டியில டர்போ இருக்கு, எதுல டப்பா இருக்குன்னு நான் வாயைத் திறந்தா, இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க முக்காடு போட்டுத்தான் நடக்கணும். அந்த ரகசியம் என்னோடயே மண்ணுக்குள்ள வரும்.”

“பேரு வேண்டாம். கானிம், இப்ப ஏன் மூணு தரம் மிதிச்சே?”

“ஜாலியா இருந்துச்சு.”

“விடியற்காலை. திருட்டுப் பறவை பக்கத்து சீட்ல. வீட்டுக்காரர் ஒளூ செய்யற சத்தம் காதுல விழுது. அப்போ ஒருத்தன் ஜாலிக்காக மூணு தரம் சீற விடுவானா?”

கானிம் காலைப் பெடலிலிருந்து மெதுவாக எடுத்தான். அது கடைசியாக ஒரு தரம் சீறியது.

“டப்பா போட்டிருக்கறதே மறந்துபோயி மிதிச்சிருக்கான்” என்றாள் அஃப்ரா. “பழக்கதோஷம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நீ ஆக்சிலேட்டரை மிதிப்பியா?”

“எதுக்கு? பட்டனை அமுக்குவேன், அது பாட்டுக்குக் கிளம்பும்.”

“எங்கப்பா மிதிப்பாரு. பழைய கார்புரேட்டர் வண்டி. பனிக்காலத்துல மூணு மிதி மிதிச்சு, பிஸ்மில்லா சொல்லி, அப்புறம்தான் சாவியை முழுசாத் திருகுவாரு. இல்லேன்னா கிளம்பாது. புது வண்டி வாங்கினப்புறமும் சாகற வரைக்கும் அந்த மூணு மிதியை விடல.”

“அப்போ திருடன் கெழவனா! கெழவனுக்கு எதுக்குக்கா இந்த டப்பா?”

“வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் மணல்மேட்டுல பசங்களோட உக்காந்திருக்கிற ஒரே நரைச்ச தாடி யாருது?”

கானிம் விழித்தான். “தலைவரா? ஸல்மீன் தலைவரா?”

அபூ நிஸார் திடீரென்று ஒரு ஸ்பேனரை மிகவும் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

*

பதாயர் மணல்மேட்டின் அடிவாரம் பட்ரோல்களால் நிறைந்திருந்தது. ஒவ்வொரு வண்டியாக உறுமிக்கொண்டு மேட்டில் பாயும். உச்சிக்குப் போனால் விசில், பாதியில் புதைந்தால் அதைவிடப் பெரிய விசில். இதற்கெல்லாம் நடுவே, சாம்பல் நிற பட்ரோல் ஒன்றின் நிழலில், மடக்கு நாற்காலி போட்டு ஸல்மீன் வீற்றிருந்தார். நகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தாக்குப்பிடிக்க முடியாமல் இங்கே வர ஆரம்பித்தவர். இப்போது பையன்கள் அவரைக் கேட்காமல் டயர் காற்றுகூட இறக்க மாட்டார்கள்.

“தலைவரே, இன்னிக்காவது ஏத்துங்க!” என்று ஒருவன் கத்தினான்.

“எஞ்சின் இன்னும் பழகலடா. புது டர்போ. அவசரப்பட்டா வெடிச்சிடும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க!”

“போன வருஷம் முழங்கால் வலி. ஒழுங்கா ஞாபகம் வெச்சுக்கோ.”

அஃப்ராவைப் பார்த்ததும் ஸல்மீன் எழுந்து நின்று வரவேற்றார். பேரீச்சம்பழம் நீட்டினார். அவர் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார். கானிம் இந்த முறை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அஃப்ராவையே பார்த்தான்.

அஃப்ரா கிண்ணத்தைக் குடிக்காமல் மணலில் வைத்தாள்.

சுற்றியிருந்த பையன்கள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள். தலைவரிடம் ஒரு வேண்டுகோள்! ஸல்மீன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“குடிம்மா அஃப்ரா. என் கழுத்து மேல சத்தியம், கேட்டது உனக்கு உண்டு.”

“உங்க வண்டி பானெட்டைத் திறந்து காட்டுங்க மாமா. அவ்வளவுதான்.”

ஸல்மீனின் தாடி ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

“பானெட்டா? அது... சூடா இருக்கும்மா.”

“காத்திருக்கேன்.”

“தூசி உள்ள போயிடும்.”

“துணி கொண்டாந்திருக்கேன்.”

“காட்டுங்க தலைவரே!” பையன்கள் குதூகலத்தோடு நெருங்கினார்கள். “நாங்களும் பாத்ததே இல்லையே! எவ்வளவு பெரிய டர்போ?”

ஸல்மீன் அஃப்ராவின் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கானிமும் நழுவி வந்து நின்றான். கிழவரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கிசுகிசுத்தார்.

“நான்தான் எடுத்தேன்.”

“எதை மாமா?”

“நஷ்வாவை! நான்தான் திருடினேன். போலீஸைக் கூப்பிடு, கையில விலங்கு மாட்டு, எது வேணா செய். பானெட்டை மட்டும் திறக்கச் சொல்லாதே!”

கானிம் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். வலது கைக் கிண்ணத்திலிருந்து காப்பி தளும்பியது.

“ஏன் மாமா?” என்றாள் அஃப்ரா. குரல் கனிந்திருந்தது.

“குஞ்சுலேருந்து என் கைல சாப்பிட்ட பறவை. அதோட முதல் இரையை என் கைலதான் கொண்டாந்து வெச்சுது. பகீத் என்னை ஒரு வார்த்தை கேக்காம, பரிசுன்னு சொல்லி எடுத்து நீட்டறான். அந்தப் பயலுக்கு அதுக்குத் தண்ணி காட்டக்கூடத் தெரியாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. விடிஞ்சதும் போய், தூக்கி வண்டியில வெச்சேன். மிதிச்சப்பதான் அந்தச் சனியன் சத்தம்... ஸ்விட்சை அணைக்க மறந்துட்டேன்.”

“ஹுமைத் மேல பழி விழுந்தது தெரியுமா?”

“காலையிலயே தெரியும்.” ஸல்மீன் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லிடலாம்னு பகீத் வீட்டு முனை வரைக்கும் போனேன். சத்தம் எப்படி வந்துச்சுன்னு கேப்பானே. இந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த வெள்ளிக்கிழமை நான் எங்க போவேன்?”

வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து, “தலைவரே, என்னாச்சு?” என்று குரல் வந்தது.

“பறவை நல்லாத்தான் இருக்கு” என்றார் அவசரமாக. “என் தோட்டத்துல குளுகுளு அறையில இருக்கு. இருட்டினதும் பகீத் வாசல்ல விட்டுட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியவேண்டாம்.”

“விட்டுட்டுப் போனா, பையன் பயந்துபோயித் திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டான்னுதான் சித்தப்பா சொல்லுவாரு. அவரு பறவையை மட்டும் கேக்கல. சத்தத்துக்குச் சொந்தக்காரன் வேணுமாம்.” அஃப்ரா அவர் கையை விட்டாள். “நான் போயிச் சொல்லமாட்டேன் மாமா. டப்பா விஷயத்தை என் வாயால யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மஃரிபுக்குக் காஜியார் வருவாரு. நீங்க வந்தா ஒரு கல்யாணம் நடக்கும். வரலைன்னா நடக்காது.”

திரும்பி வந்து, மணலில் வைத்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். வேண்டுகோள் தீர்ந்தது என்று பொருள்.

“பானெட்டு?” என்று ஒருவன் ஏமாந்துபோய்க் கேட்டான்.

“பாத்துட்டேன்” என்றாள் அஃப்ரா. “உள்ள நிறைய இருக்கு.”

*

“வரமாட்டாருக்கா” என்றான் கானிம்.

“பாப்போம்.”

“நீங்களே சொல்லியிருக்கலாம். கைல புடிச்ச மீனைத் தண்ணியில விட்டுட்டு, தானா வந்து சட்டியில ஏறும்னு உக்காந்திருக்கோம்.”

மஜ்லிஸில் கூட்டம் நிறைந்துவிட்டது. காஜியார் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஹுமைத்தைக் கதவோரம் உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை என்றும் சொல்ல முடியாத, குற்றவாளி என்றும் சொல்ல முடியாத இடம். உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து அஃப்ராவின் கைபேசிக்கு நிமிடத்துக்கொரு செய்தி வந்தது. ‘என்னாச்சு?’ ‘என்னாச்சுக்கா?’ கடைசியாக, ‘நான் வெளிய வரப்போறேன்.’

பாங்கு ஒலித்தது. தொழுகை முடிந்தது. பகீத் தொண்டையைச் செருமினார்.

“அஃப்ரா. நேரமாச்சு.”

அப்போது தெருவில் விளக்குகள் வரிசையாகத் திரும்பின. கல்யாணத்துக்காகப் பூ ஒட்டிய பட்ரோல்கள், பின்னால் பையன்களின் கூச்சல். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த சாம்பல் நிற வண்டியிலிருந்து ஸல்மீன் இறங்கினார். அவருடைய இடது கைத் தோலுறையில், தலையில் கண்மூடித் தொப்பியோடு, நஷ்வா உட்கார்ந்திருந்தது.

அவர் நேராக நடந்து போய்ப் பறவையைக் கம்பத்தில் இறக்கினார்.

“நான்தான் எடுத்தேன், பகீத். அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது.”

பகீத் எழுந்தார். அவருடைய முகத்தில் கோபத்துக்கு முன்னால் சந்தேகம் வந்தது.

“யாரைக் காப்பாத்தப் பொய் சொல்றே? நான் சத்தம் கேட்டேன். உன் வண்டி இந்தத் தெருவுல ஒரு நாளும் தும்மினதில்லையே.”

“தலைவரோடது புது டர்போங்க!” என்று வாசலிலிருந்து ஒரு பையன் வக்காலத்து வாங்கினான். “எஞ்சின் சூடாகி, வேகம் எடுத்தாத்தான் சீறும்.”

“வண்டி கிளம்பவே இல்ல! அதுக்கு முன்னாடி மூணு தரம் சீறுச்சு!” என்றார் பகீத்.

“அது எப்படி முடியும்? டர்போ அப்படிச் சீறாதே...” பையன் பாதியில் நிறுத்தினான். ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி ஸல்மீனைப் பார்த்தார்கள்.

அஃப்ரா வாயைத் திறக்கவில்லை. கானிம் ஏதோ சொல்லப்போனான். அவன் காலை மிதித்தாள்.

ஸல்மீன் கதவோரம் உட்கார்ந்திருந்த ஹுமைத்தைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். வாசலுக்கு நடந்தார். மொத்த மஜ்லிஸும் பின்னால் போனது. வண்டியின் பானெட்டை, யாரும் கேட்காமலே, இரண்டு கையாலும் தூக்கினார்.

பையன்கள் விளக்கடித்துப் பார்த்தார்கள். கம்பெனியில் போட்ட எஞ்சின் போட்டபடி. டர்போ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். பேட்டரிக்குப் பக்கத்தில், பால் பவுடர் டின் அளவுக்கு ஒரு காற்று டப்பா, அதன் மேல் பளபளவென்று ஒரு விசில் மூக்கு.

ஸல்மீன் ஓட்டுநர் கதவைத் திறந்து கையை விட்டு, சாவியைப் பாதி திருகி, பெடலைக் கையாலேயே அமுக்கினார்.

ப்ஸ்ஸ்ஸ். ப்ஸ்ஸ்ஸ். ப்ஸ்ஸ்ஸ்.

“இதேதான்!” என்றார் பகீத், தன்னை மறந்து. “இதே சத்தம்தான்!”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கானிம்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஒரு நொடியில் தெருவே சிரித்தது. காஜியார் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸல்மீன் மட்டும் பானெட்டைப் பிடித்தபடி, அது தன் மேல் விழுந்துவிட்டால்கூட நல்லது என்பதுபோல நின்றார்.

பகீத் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். ஹுமைத்தைக் கைப்பிடித்து அழைத்துத் தன் வலப்பக்கம் உட்காரவைத்து, ஊர் பார்க்க, “தப்பு என்னோடது மகனே. மன்னிச்சிடு” என்றார். தன் கையாலேயே அவனுக்குக் காப்பி ஊற்றினார். வரிசையாக எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே போனார். ஸல்மீனிடம் வந்தபோது காப்பிக் கூஜா நிற்காமல் அடுத்த ஆளுக்கு நகர்ந்தது.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அந்த வீட்டில் ஐம்பது வருடமாக ஸல்மீனுக்குத்தான் முதல் கிண்ணம்.

ஹுமைத் தன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு, குடிக்காமல், மெதுவாகக் கீழே வைத்தான்.

பகீத் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“குடி மாப்ளே” என்றார் பகீத். அவனை மாப்பிள்ளை என்று அன்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. “கேட்டது உனக்கு உண்டு.”

“ஸல்மீன் மாமாவுக்கு ஊத்துங்க மாமா.”

பகீத்தின் தாடை அசைந்தது.

“எனக்கு நிஜமாவே நஷ்வாவுக்குத் தண்ணி காட்டத் தெரியாது” என்றான் ஹுமைத். “அது அவர் வீட்டுலயே இருக்கட்டும். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து பாத்துக்கறேன்.”

பகீத் திரும்பி நடந்தார். ஸல்மீனின் முன்னால் குனிந்தார். காப்பியை ஊற்றினார். ஊற்றும்போது அவர் கை குலுங்கியது. கோபம் என்றுதான் கானிம் நினைத்தான். அப்புறம்தான் தெரிந்தது, பகீத் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

“விசில் மூக்கு வேற!” என்றார் பகீத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன் வயசுக்கு விசில் மூக்குடா ஸல்மீன்!”

காஜியார் பேனாவின் மூடியைக் கடைசியாகத் திறந்தார். பெண்கள் பக்கத்துக்குக் கையெழுத்துக்குப் போன காகிதம், போன வேகத்திலேயே திரும்பி வந்தது. உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கூரையைத் தூக்கியது.

அஃப்ராவின் கைபேசி அதிர்ந்தது. ஷம்மாவின் செய்தி.

‘ரொம்ப நன்றிக்கா. உயிரு வந்துச்சு. ஆனா வெளிய இப்ப என்ன சத்தம்?’

அஃப்ரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிற வண்டியைச் சுற்றிப் பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கொரு தரம் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார்கள். வண்டி ஜன்னலோரம் நின்ற ஸல்மீன், “அப்படி இல்லடா, அமுக்கிட்டுக் காலை வெடுக்குன்னு எடு. ம்! இப்ப பாரு!” என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ப்ஸ்ஸ்ஸுக்கும் ஒரு விசில் பறந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எங்கே போவார் என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. வரிசையின் கடைசியில், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளை நின்றிருந்தான்.

“இதுக்கு என்னக்கா பதில் எழுதப்போறீங்க?” என்றான் கானிம்.

அஃப்ரா யோசித்தாள். தட்டினாள்.

‘மணல் காத்து.’

அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். கானிம் அங்கே இல்லை. வரிசையில், மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றிருந்தான்.